விராலுக்கு ஒரு பிடி அவல்

என் அக்காள் பேரன் ஒருவன் அமெரிக்காவில் மினசோட்டா என்னும் மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற மார்கழியில் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே வெள்ளை. நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு கம்பளி மூட்டை. உற்றுப் பார்த்தபோதுதான் மூட்டைக்கு மூக்கு இருப்பது தெரிந்தது. மூக்குக்கு உரியவன் எங்கள் பையன். அவன் காலடியில் ஒரு சாண் அகலத்தில் வட்டமாக ஒரு துளை. அதற்குள் ஒரு தூண்டில் நூல் இறங்கியிருந்தது.

"தாத்தா, நான் உட்கார்ந்திருப்பது ஒரு ஏரியின் மேல். இதன்மேல் கார்கூடப் போகிறது. அடியில் மஸ்கி என்று ஒரு மீன் இருக்கிறதாம். நாலடி நீளம் வளருமாம். இந்த மாதத்தில் அதைப் பிடிக்கக்கூடாது என்று சட்டம். நான் சின்ன மீனுக்குத்தான் காத்திருக்கிறேன். ஆனால் குளிர்காலம் முழுவதும் அந்தப் பெரிய மீன் பனிக்கட்டிக்குக் கீழே என்னதான் செய்கிறது என்று கேட்டால் இங்கே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். உங்களுக்குத் தெரியுமா?" என்று எழுதியிருந்தான்.

ஆரணியில் குழித்தறிச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! எங்கள் ஊரில் பனிக்கட்டி என்பது ஐஸ் வண்டிக்காரனின் மரத்தூளுக்குள் இருந்த வஸ்து. ஆனாலும் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தனக்குச் சம்பந்தமில்லாத கேள்வியை விடமாட்டான். தேடிப் படித்தேன்.

தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம். குளிரக் குளிரக் கனமாகிக்கொண்டே வந்து, 4 டிகிரி சென்டிகிரேடில் அதன் கனம் உச்சத்துக்குப் போகிறது. அதற்குமேல் குளிர்ந்தால் மறுபடியும் லேசாகிவிடும். அதனால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது. அடியில் 4 டிகிரித் தண்ணீர் அப்படியே தங்கிவிடுகிறது. மஸ்கி அங்கே கிடக்கிறது. மீனுக்குச் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் அதன் ரத்தமும். ஆகையால் அதன் ஜீவனமே மந்தமாகிவிடுகிறது. ஒரு முறை இரை விழுங்கினால் ஜீரணமாக நாள்கணக்காகிறது. தூங்குவதில்லை, அதிகம் அலைவதில்லை, அருகில் வந்த இரையை மட்டும் எப்போதாவது பிடிக்கிறது. கோடையிலேயே பத்தாயிரம் தடவை தூண்டில் வீசினால்தான் ஒரு மஸ்கி சிக்கும் என்று அங்கே சொல்வழக்கு. மாரியில் கேட்கவே வேண்டாம்.

அதற்கு ஆபத்து குளிரால் அல்ல, மூச்சால். பனிக்கட்டிக்கு மேலே வெண்பனி மண்டிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது. வெளிச்சம் இல்லாவிட்டால் நீர்ப்பாசி பிராணவாயு விடாது. ஆழமில்லாத ஏரிகளில் சில வருஷம் மீன்கள் கூட்டங்கூட்டமாக மூச்சுமுட்டிச் செத்துப்போகின்றன. பனி உருகும்போதுதான் அது கரைக்குத் தெரியும்.

இவ்வளவையும் பையனுக்கு எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. தலைக்கு மேலே கதவு சாத்திக்கொண்ட ஏரியில் காத்துக் கிடக்கும் மீன் என்றவுடன் என் ஆயாவின் முகம் வந்து நின்றது. நான் பொய் என்று சொன்ன ஒரு கதை, ஐம்பது அறுபது வருஷம் கழித்து, மினசோட்டா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து என் வாசலில் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. மீன் கூடை தெருவில் போனால் என் தாயார் கதவைச் சாத்துவார். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு வழக்கம். ஐப்பசியில் மழை கண்டு, ஊருக்கு மேற்கே இருந்த ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று செய்தி வந்ததும், ஆயா மடியில் அவல் முடிந்துகொண்டு கரைக்குப் போவாள். நானும் கூடப் போவேன். மதகுக்கு அருகில் நின்று, "வெராலு சாமி, எழுந்துக்கோ" என்று சொல்லி ஒரு பிடி அவலைத் தண்ணீரில் வீசுவாள். மிச்சத்தை வெல்லத்தோடு எனக்குத் தருவாள். எனக்கு அந்த மிச்சம்தான் முக்கியமாக இருந்ததால் காரணம் கேட்கவில்லை.

கேட்டது 1964இல். வேலூரில் பி.யூ.சி. படித்துக்கொண்டு, உலகத்தில் உள்ள சகலத்தையும் தெரிந்துகொண்டுவிட்ட வயது. "கவுச்சியே சாப்பிடாத நமக்கு விரால் எப்படி ஆயா சாமியாச்சு?" என்றேன்.

ஆயா சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். அவளுக்கு அவள் மாமியார் சொன்னதாம். தாது வருஷப் பஞ்சம். ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கைக்குழந்தைக்காரியான மாமியாருக்குப் பால் வற்றிவிட்டது. ஏரியின் நீர்க்கட்டி ஒருவன் இரவில் வந்து கொல்லைக் கதவைத் தட்டி, துணியில் சுற்றி ஒரு மீனைக் கொடுத்தான். காய்ந்த ஏரியைத் தோண்டி எடுத்தானாம். மேல் மண்ணில் காலணா அகலத்துக்கு ஒரு பொத்தல் இருக்கும். அது எங்கே என்று அவனுக்குத்தான் தெரியும். அதற்கு நேர் கீழே விரால் உயிரோடு படுத்திருக்கும். ஜாதி சனத்துக்குத் தெரியாமல் விளக்கை அணைத்துவிட்டு ரசம் வைத்துக் குடித்தார்கள். அப்படிப் பதினோரு இரவு. பால் ஊறியது. குழந்தை பிழைத்தது.

"அந்தக் கொழந்ததான்டா உங்க தாத்தா" என்றாள் ஆயா.

நான் சிரித்தேன். "ஏரி காஞ்சு வெடிச்சிருந்தா மீன் எப்படி ஆயா உயிரோட இருக்கும்? மீன் தண்ணியிலேதான் மூச்சு விடும். பஞ்சத்திலே யாரோ எதையோ கொடுத்திருப்பாங்க. கதை கட்டிட்டாங்க" என்றேன். ஆயா மறுவார்த்தை பேசவில்லை. பாவுக்குக் கஞ்சி போட எழுந்து போய்விட்டாள். அடுத்த ஐப்பசியில் அவள் ஏரிக்குப் போனபோது என்னைக் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த ஐப்பசியில் அவள் இல்லை.

இனி சரித்திரம்.

விரால் நமக்குப் பழைய பரிச்சயம். வரால் என்ற பெயரில் சங்கப் பாட்டுக்களின் மருத நிலத்தில் அது துள்ளிக்கொண்டேயிருக்கிறது. ஆனால் உலக விஞ்ஞானத்தின் பேரேட்டில் அதற்குப் பெயர் பதிவானது 1793இல், பெர்லின் நகரத்தில். பதிந்தவர் மார்க்கஸ் பிளாக் என்ற யூத வைத்தியர். நம் தேசத்துப் பக்கமே வராதவர். அவருக்கு இங்கிருந்து மீன்களைப் பாடம் செய்து அனுப்பியவர் தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியார். டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடிக்கு 1771இல் வந்தவர். சாகும்வரை அங்கேயே இருந்தவர். விராலின் தலையைப் பார்த்த பிளாக் அதற்குப் 'பாம்புத் தலையன்' என்று பொருள்படக் கிரேக்கத்தில் பெயரிட்டார். ஜாடியில் ஊறிய மீனிடம் தலையைத் தவிர வேறு என்ன தெரியும்! அது வெயில்காலத்தில் எங்கே போகிறது என்பதை ஜாடி சொல்லாது.

அதே தரங்கம்பாடியில் 1791 நவம்பரில் இன்னொரு சங்கதி நடந்தது. டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினென்ட், குளத்தங்கரைப் பனைமரம் ஒன்றில், தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி மேலே, பட்டை வெடிப்புக்குள் ஒரு மீனைக் கண்டார். அது இன்னும் மேலே ஏறப் பார்த்துக்கொண்டிருந்ததாம். இந்தச் செய்தி லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1797இல் அச்சாயிற்று. நம்மவர்கள் 'பனையேறி' என்று அழைக்கும் மீன்தான் அது. அந்தப் பெயரே பிளாக்கின் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. ஐரோப்பாவில் பாதிப் பேர் நம்பினார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள். காக்கையோ பருந்தோ கொத்திக்கொண்டு போய்ப் பனையில் நழுவவிட்டிருக்கும் என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் தண்ணீரை விட்டு வெளியே மணிக்கணக்காக உயிரோடு இருக்கும் மீன்கள் நம் குளங்களில் உண்டு என்பதை அதற்குப் பிறகு ஒருவரும் மறுக்க முடியவில்லை.

மண்ணுக்குள் இருக்கும் மீனைப் பற்றிய சர்ச்சை இன்னும் சுவையானது. காய்ந்து கிடந்த ஏரியில் மழை பெய்து சில நாளில் பெரிய பெரிய மீன்கள் துள்ளுவதை நம் நாட்டுக்கு வந்த துரைமார்கள் பார்த்தார்கள். இவை எங்கிருந்து வந்தன? மழையோடு வானத்திலிருந்து விழுந்தன என்றார்கள் சிலர். இங்கிலாந்தின் பெரிய மீன் நிபுணர் யாரல், போன வருஷம் இட்ட முட்டைகள் சேற்றுக்குள் இருந்து மழை கண்டதும் பொரிந்திருக்கும் என்று ஓர் உத்தி சொன்னார். முட்டை பொரிந்த ஒரு வாரத்தில் மீன் முழங்கை நீளம் ஆவது எப்படி என்று அவருக்கு யாரும் கேள்வி போட்டதாகத் தெரியவில்லை. கிரேக்க நாட்டுத் தியோபிராஸ்டஸ் 2,300 வருஷத்துக்கு முன்பே, உலர்ந்த தரையில் தங்கும் மீன்களைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதிவைத்தார். அதைப் படித்தவர்களும் பழங்காலத்துப் புளுகு என்றுதான் நினைத்தார்கள்.

இதைத் தீர விசாரித்தவர் இலங்கையில் 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட். 1861இல் வெளியான அவருடைய இலங்கை இயற்கைச் சரித்திரத்தில் தமக்குக் கீழிருந்த ஓர் அதிகாரி கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார். காய்ந்த குளத்தில் ஊர்க்காரர்கள் மண்வெட்டியால் வெட்டுகிறார்கள். மேலே கெட்டி மண். உள்ளே ஈரக் களி. கட்டி கட்டியாக வாரிப் போட, கட்டிகள் உடைந்து உள்ளேயிருந்து 9 அங்குலம், 12 அங்குலம் மீன்கள் வெளியே வருகின்றன. வெயில் பட்டதும் கரையில் துள்ளுகின்றன. ஊர்க்காரர்கள் அதை அதிசயமாகவே நினைக்கவில்லை. அதிசயப்பட்டவர் அதிகாரி ஒருவர்தான்.

மீன் எப்படி மூச்சு விடுகிறது என்பதைச் சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்த பிரான்சிஸ் டே போன்றவர்கள் சோதித்தார்கள். மேலே வந்து காற்றெடுக்க முடியாமல் தடுத்தால் இந்த ஜாதி மீன்கள், சுத்தமான தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துப்போயின. மீனைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்ற விநோதத்தை என்னென்பது! விராலுக்குச் செவுளுக்கு மேலே, தலைக்குள், மடிப்பு மடிப்பாக ஒரு அறை இருக்கிறது. சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய்க் காற்றை அதில் நிரப்பிக்கொள்கிறது. தண்ணீரில் கரைந்த பிராணவாயு அதற்குப் போதாது. காற்று கட்டாயம் வேண்டும்.

ஆகவே ஏரி வற்றும்போது மற்ற மீன்கள் செத்து மிதக்கையில் விரால் கலங்குவதில்லை. சேறு இறுகுவதற்கு முன்னால் தலையைக் கொடுத்து உள்ளே புகுந்துகொள்கிறது. உடம்பெல்லாம் கோழை பூசிக்கொண்டு, தோலும் மூச்சறையும் உலராமல் காத்து, கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு, ஜீவனத்தை ஒடுக்கி மழைக்காகக் காத்திருக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு. களியில் ஈரம் இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் நுரையீரல் மீன் என்று ஒன்று, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு வருஷக்கணக்காகக் கிடக்கும். விராலுக்குக் கூடு கட்டத் தெரியாது. அடி ஈரம் உள்ளவரைதான் அதன் தவம்.

இதையெல்லாம் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதியவர்களில் ஒருவர் ஹியூ ஸ்மித். இவர் 1913 முதல் 1922 வரை அமெரிக்க அரசின் மீன்வளத் தலைவராக இருந்தவர். பிறகு சயாம் தேசத்துக்கு ஆலோசகராக வந்து பத்து வருஷத்துக்கு மேல் தங்கினார். சயாம்காரர்கள் கோடையில் களிமண்ணை நீண்ட கத்தியால் சீவிச் சீவி விராலை எடுப்பதை 1945இல் வெளியான தம் புத்தகத்தில் குறித்திருக்கிறார். மஸ்கி நீந்தும் ஏரிகளின் நாட்டிலிருந்து வந்தவருக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அங்கே மனிதன் பனிக்கட்டியில் துளை போடுகிறான். இங்கே மீனே மண்ணில் துளை வைத்திருக்கிறது. மனிதன் அதைத் தேடுகிறான்.

போகிறபோக்கில் ஒன்று. விரால் குலத்தின் ஒரு தாயாதி சீனத்திலும் ருஷ்யாவின் அமூர் நதியிலும் இருக்கிறது. அது பனிக்கட்டிக்குக் கீழேயும் பிழைக்கும். குளிர்ந்த தண்ணீரில் உடம்புக்குப் பிராணவாயு அதிகம் தேவைப்படாததால் அந்தச் சமயத்தில் மேலே வராமலே சமாளித்துவிடுகிறது. 2002இல் அது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்ற ஊர்க் குட்டையில் அகப்பட்டது. யாரோ ஒருவர் கடையில் வாங்கிய இரண்டை விட்டதன் பலன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள். தரையில் நடக்கும், எதையும் தின்னும் என்று பத்திரிகைகள் அலறின. குட்டைக்கு விஷம் வைத்தார்கள். இருந்தும் 2004இல் பொட்டோமாக் நதியில் அந்த இனம் இருப்பது தெரிந்தது. நம் ஊரில் ஊத்தாவை எடுத்துக்கொண்டு நாலு பேர் இறங்கினால் குழம்புக்கு ஆகியிருக்கும்.

ஆயாவின் கதைக்கு வருகிறேன். மண்ணுக்குள் விரால் இருக்கும் என்பது நிச்சயமாயிற்று. தாது வருஷத்தில் இருந்திருக்குமா?

தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஏரிகள் மார்கழிக்குள்ளேயே வற்றத் தொடங்கியிருக்கும். அடுத்த 1877இலும் ஆவணி புரட்டாசி வரை மழை இல்லை. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் மடிந்தவர்கள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். நிவாரண வேலை செய்த கூலிக்காரனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கூலியைக் குறைத்த ரிச்சர்ட் டெம்பிள் துரையின் பெயர் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. பஞ்சம் முதலில் உழவனைத் தொடும் என்று நினைக்கிறோம். அவனுக்குக் கொஞ்சம் குதிரில் இருக்கும். அரிசி விலை ஏறியதும் ஜனங்கள் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதை. அந்தக் காலத்தில் ஆரணி பேர்பெற்றது பட்டுக்காக அல்ல, மெல்லிய மஸ்லினுக்காக. மஸ்லினைப் பஞ்சத்தில் யார் வாங்குவார்கள்? கையில் தறி இருந்தும் நூல் இல்லை. நூல் இருந்தால் வாங்குவாரில்லை. மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத கை. எங்கள் தெருவில் அடுப்பு அணைந்தது எப்படி என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

அப்படியானால் ஏரி வற்றிய பிறகு தை மாசியில், பங்குனியில், களியின் அடியில் ஈரம் இருந்திருக்கும். விராலும் இருந்திருக்கும். ஆடியில் என்றால் நான் உறுதி சொல்லமாட்டேன். மாமியாருக்கு அது நடந்தது எந்த மாதம் என்று ஆயாவைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் சிரித்தேன்.

இன்னொரு விஷயமும் இப்போது தெரிகிறது. மலேசியாவில் ஆப்பரேஷன் ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் விரால் ரசம் வைத்துக் கொடுப்பது இன்றும் வழக்கம். 'ஹாருவான்' என்று மலாயில் அதற்குப் பெயர். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. புண் ஆறும், உடம்பு தேறும் என்பது நம்பிக்கை. விரால் சதையில் அதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று அங்கே ஆராய்ந்தும் வருகிறார்கள். ஆரணி நீர்க்கட்டிக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கைக்குழந்தைக்காரியின் வீட்டைப் பார்த்து ஏன் கொண்டுவந்தான்? அவனுடைய வீட்டிலும் பசித்த வயிறுகள் இருந்திருக்கும். அவன் பெயரை மாமியார் ஆயாவுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஆயா எனக்குச் சொல்லுமுன் நான் கதையை முடித்துவிட்டேன்.

டே எழுதிய 'இந்திய மீன்கள்' என்ற பெருநூல் லண்டனில் பகுதி பகுதியாக 1875 முதல் 1878 வரை வெளிவந்தது. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட மீன் வகைகள், அழகான படங்கள். விராலும் அதில் இருக்கிறது. வெளிவந்த வருஷங்களைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

போன ஐப்பசியில் ஆரணிக்குப் போனேன். கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் ஒரு படி அவல் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தேன். ஏரியில் பாதியைக் காணோம். மீதியில் தண்ணீர் நின்றது. மதகுப் பக்கம் தூண்டில் போட்டிருந்த ஒருவரிடம், "விரால் உண்டா?" என்று கேட்டேன்.

"எங்கே சாமி! சவுடு எடுக்கிறோம்னு மிஷினு வெச்சு அடிக்களி வரைக்கும் வாரிட்டாங்க. வெரால் படுக்க எடம் வேணாமா?" என்றார். "கடைக்கு வர்றது பூரா வளப்பு மீனு."

அவலை ஒரு பிடி வீசினேன். உண்மையைச் சொன்னால் விரால் அவல் தின்னாது. தவளையும் சிறு மீனும்தான் அதற்கு ஆகாரம். ஆயா வீசிய அவலை அயிரையும் கெண்டையும் தின்றிருக்கும். அவற்றை விரால் தின்றிருக்கும். எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கும். இப்போது என் அவலைச் சுற்றித் தண்ணீர் படபடவென்று கொதித்தது.

"ஜிலேபிக் குஞ்சு" என்றார் தூண்டில்காரர். 1952இல் நம் நாட்டுக்கு வந்த வெளியூர் மீன் அது. எல்லா ஏரியையும் பிடித்துக்கொண்டுவிட்டது.

கையில் இருந்த மிச்சத்தையும் வீசினேன். எங்கேயாவது ஒரு மூலையில் மிஷின் தொடாத களி கொஞ்சம் இருந்து, அதில் ஒரு விரால் இருந்தால், ஜிலேபிக் குஞ்சுகளாவது அதற்குக் கொழுத்து ஆகட்டும். தூண்டில்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எதற்கு வீசுகிறேன் என்று கேட்டார். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.